நிலையாமையும் கணிப்பொறியும்

'நிலையாமை' என்னும் சொல்லை அறநூல்களில் பயின்றிருக்கின்றோம். செல்வமும் யாக்கையும் நில்லா என்பது ஆன்றோர் கருத்து. இயற்பியல் அறிஞரும் இச்சொல்லை ஆள்கின்றனர். ஒரு பொருளில் தோன்றும் சிறு மாறுபாடு தணியாது மேன்மேலும் வளருமாயின், அதனை அவர்கள் நிலையாமை என்பர். அதற்குத் தக்க எடுத்துக்காட்டு பிளாஸ்மாத் தூண்.

ஆஸ்திரேலிய நாட்டில் ஹார்ட்லி வேல் என்னும் ஊரில் மண்ணெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் இடிதாங்கியாகிய செப்புக் குழாயில் ஒருகால் மின்னல் பாய்ந்தது. குழாய் உட்புறமாக நசுங்கிவிட்டது. அதனை நசுக்கிய கை யாது? 1905-ஆம் ஆண்டில் போலக், பாரக்ளவ் என்னும் அறிஞர் இருவர் விடை கூறினர். மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம், மின்னோட்டம் செல்லும் பொருளையே உள்நோக்கி நெருக்கும்.

மிக்க வெப்பத்தால் அணுக்களினின்று எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வளியே பிளாஸ்மா. ஞாயிற்றில் நிகழும் அணுக்கரு இணைவை மண்ணுலகில் நிகழ்த்த, இதனைப் பல கோடி பாகை வெப்பத்தில் அடக்கி வைத்தல் வேண்டும். எக்கலமும் அவ்வெப்பத்தைத் தாங்காது. ஆதலின், பிளாஸ்மாவினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் காந்தப்புலத்தாலேயே அதனை இறுக்க முயன்றனர். ஆனால், தூண் இமைப்பொழுதினும் விரைவாகச் சிதைந்தது.

சிதைந்தது ஏன்? தூண் ஓரிடத்தில் மெலிந்து, அதன் ஆரம் பாதியாயிற்று எனக் கொள்வோம். அங்குக் காந்தப்புலம் இருமடங்காகும், அழுத்தமோ நான்மடங்காகும். மெலிந்த இடம் மேலும் மெலிந்து, தூண் மணிமாலைபோல் துண்டுபடும். தூண் சற்றே வளையுமாயின், வளைவின் உட்புறத்தில் புலம் செறிந்து, அதனை மேலும் வளைக்கும்.

மூன்றாவது நிலையாமையை வீட்டிலேயே காணலாம். நீர் நிறைந்த குவளையைக் கவிழ்த்தால் நீர் கொட்டிவிடும். வளிமண்டல அழுத்தமோ பத்து மீட்டர் உயர நீரையும் தாங்க வல்லது. பின்னர் ஏன் கொட்டுகின்றது? நீர்ப்பரப்பில் எழும் நுண்ணிய அலைகள் விரைந்து வளர்ந்து, காற்று மேலேறவும் நீர் கீழிறங்கவும் வழிசெய்கின்றன. வாயைத் தாளால் மூடிக் கவிழ்த்தால் அலை வளராது, நீரும் நிற்கும். ராலே, டெய்லர் என்னும் அறிஞர் ஆராய்ந்த நிலையாமை இதுவே. பிளாஸ்மாவை உள்ளே தள்ளும்போது, காந்தப்புலம் காற்றின் நிலையிலும் பிளாஸ்மா நீரின் நிலையிலும் இருக்கின்றன.

இம்மாறுதல்களைக் கையாற் கணக்கிடுதல் அரிது. கணிப்பொறியோ தூணைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுத்துக்கொள்கின்றது. ஒவ்வொரு கட்டத்தின் அடர்த்தி, வெப்பம், விரைவு, காந்தப்புலம் ஆகியன அடுத்த நுண்கணத்தில் எவ்வாறு மாறும் என்று கணக்கிடுகின்றது. இதனைக் கணக்கினால் நிகழும் ஒத்திகை எனலாம்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. எவ்விதக் குறையும் இல்லாத தூணைக் கணக்கில் அமைத்தால், அது சிதையாமல் இறுதிவரை சீராகவே இறுகும். இயற்கையில் அத்தகைய தூண் இல்லை. எனவே, அறிஞர் சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தாமே கணக்கில் விதைக்கின்றனர். மேலும், தூணின் ஒரு தளத்தை மட்டும் கணக்கிட்டு, எப்பக்கமும் அவ்வாறே எனக் கொண்டால், வளைவு புலனாகாது. அதற்கு முப்பரிமாணக் கணக்கே வேண்டும்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 'இசட்' என்னும் பொறி உள்ளது. அங்கு மயிரினும் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள் சில நூற்றில் ஏறத்தாழ 2 கோடி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினர். வினாடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்திற்குள் அவை பிளாஸ்மாவாகி உள்நோக்கி விரைந்து, எக்ஸ் கதிர்களை வீசின. கம்பிகளின் எண்ணிக்கையைப் பெருக்கித் தொடக்கச் சீர்மையை மிகுத்தபோது, கதிர்களின் திறன் பெரிதும் உயர்ந்தது. தொடக்கத்துச் சிறு குறை இறுதி விளைவை எத்துணை மாற்றும் என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களே! குறையை விலக்கிய கணக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால், அது உண்மையைக் காட்டாது. குறையை ஒப்புக்கொண்டு, அதன் வளர்ச்சியை முன்னறிந்து, தொடக்கத்திலேயே தணிக்க முயல்வதே அறிவுடைமை.