கூட்டு வாணிபமும் விபத்து நஷ்டஈடும்

சென்னை யானைக்கவுனியில் மொத்த வியாபாரம் செய்வோருடன் நம் விவசாயிகள் சிலர் முதல் போட்டுக் கூட்டாளிகளாகச் சேர்வதுண்டு. அங்கே மூட்டை சரிந்து, இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேராத சுமைத் தொழிலாளி ஒருவர் மாண்டால், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு யார்? கடையில் அமர்ந்திருப்பவர் மட்டுமே என்று எண்ணுதல் சரியன்று. 1932-ஆம் ஆண்டின் கூட்டு வாணிபச் சட்டப்படி, கூட்டாளி ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளியாவார். பத்திரத்தில் கால் பங்கு என்றிருப்பது கூட்டாளிகளுக்குள் செல்லும். தொழிலாளியின் குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. நஷ்டஈட்டை நிலவரி பாக்கி போலவே வசூலிக்கலாமாதலின், ஊரிலுள்ள நன்செய்க்கும் ஆபத்து உண்டு.

தொகையும் சிறிதன்று. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற கணக்கின்படி, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அவ்வெண் 184.17. கூலி ரூ. 15,000 எனில் நஷ்டஈடு ரூ. 13,81,275. இதற்கெனவே இன்சூரன்ஸ் கம்பெனிகள் தனிப் பாலிசி வழங்குகின்றன. அதில் தொழிலாளர் எண்ணிக்கையையும் கூலியையும் உள்ளபடியே எழுதுக. குறைத்து எழுதிப் பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பது வீண் சாமர்த்தியம்.

மூட்டை தூக்கும் கூட்டாளிக்கு இப்பாலிசி தானாகப் பயன்படாது. கூட்டாளி சம்பளம் பெற்றாலும் தொழிலாளி ஆகார் என, தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய இ.எஸ்.ஐ. வழக்கில் 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவர் தமக்கென விபத்துப் பாலிசி எடுத்தல் வேண்டும். வங்கிக் கணக்குடைய 18 முதல் 70 வயதுவரை உள்ளோர், பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 20 செலுத்தி ரூ. 2 லட்சம் வரை காப்புப் பெறலாம்.