சக்கரம் 29 சரி, ஃபிரேம் எத்தனை?

மவுண்டன் சைக்கிளுக்கு அளவுகள் இரண்டு. ஒன்று சக்கரத்துக்கு, இன்னொன்று ஃபிரேமுக்கு. கடையில் "26 இஞ்சா, 29 இஞ்சா?" என்று கேட்பது சக்கரத்தை. ஓட்டுபவரின் உடம்புக்குச் சைக்கிள் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது ஃபிரேம். அதைப் பற்றி நம் ஊர்க் கடைகளில் பேச்சே எழுவது குறைவு. குறைந்த விலை மாடல்கள் பலவும் ஒரே ஃபிரேம் அளவில்தான் வருகின்றன என்பதால் கேட்டும் பயனில்லை என்றாகிவிட்டது. ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் அதே சைக்கிளை வாங்கி, சீட்டை மட்டும் இறக்கியோ ஏற்றியோ சமாளிக்கிறார்கள்.

பெடல் தண்டுகளைத் தாங்கும் அச்சுக்குப் பாட்டம் பிராக்கெட் என்று பெயர். அதன் நடுப்புள்ளியிலிருந்து சீட் போஸ்ட் செருகும் குழாயின் மேல்விளிம்பு வரை உள்ள நீளமே வழக்கமான ஃபிரேம் அளவு. ரோடு பைக்குக்கு இதைச் சென்டிமீட்டரிலும் மவுண்டன் சைக்கிளுக்கு இஞ்சிலும் சொல்வார்கள். 15, 16 இஞ்ச் என்றால் ஸ்மால். 17, 18 மீடியம். 19, 20 லார்ஜ். பொதுவாக ஸ்மால் 5 அடி 2 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை உள்ளவர்களுக்கும், மீடியம் அங்கிருந்து 5 அடி 10 அங்குலம் வரைக்கும், லார்ஜ் 6 அடியை ஒட்டியவர்களுக்கும் என்று கம்பெனிகளின் அட்டவணைகள் காட்டும். இது தோராயம்தான். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் லார்ஜுக்குச் சமமாக இருப்பது சாதாரணம்.

உயரத்தைவிடக் கால் நீளம் நம்பகமான அளவு. செருப்பைக் கழற்றி, சுவரில் முதுகு ஒட்ட நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறிக்க வேண்டும். தரையிலிருந்து அந்தக் குறி வரை எத்தனை சென்டிமீட்டரோ, அதை 0.225 ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு இஞ்சில் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் பதினேழரை இஞ்ச். அதே 78-ஐ 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும்: ஏறக்குறைய 69 செ.மீ. இரண்டாவது கணக்கு இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. முதல் கணக்கை முழுதாக நம்ப முடியாது.

பழைய சைக்கிள்களில் மேல் பார் தரைக்கு இணையாக ஓடும். அப்போது சீட் குழாய் நீளமானால் ஃபிரேம் முழுவதும் பெரிது என்று பொருள். ஓர் எண் போதும். மவுண்டன் சைக்கிளில் பார் பின்னோக்கிச் சரிந்தது, சீட் குழாய் குட்டையானது, ஃபிரேம் முன்னோக்கி நீண்டது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டி மலைப்பாதைகளில் தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கி விளையாடிய கூட்டத்தில் ஒருவர் கேரி ஃபிஷர். அவர் பெயர் தாங்கிய பிராண்டு 1990களின் பிற்பகுதியில் மேல் பாரை நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குறுக்கியது. 2010களில் ஸ்பெயினின் மொண்ட்ரேக்கர் அதே வழியில் இன்னும் வெகுதூரம் போனது. முன்பு 100 மி.மீ. இருந்த ஸ்டெம் இன்று பெரும்பாலும் 35 முதல் 50 மி.மீ. ஸ்பெஷலைஸ்டு நிறுவனமோ தன் மாடல்கள் சிலவற்றில் ஸ்மால், மீடியம் என்ற பெயர்களையே கைவிட்டு எஸ்1, எஸ்2 என்று எண் போட்டது. அவற்றில் சீட் குழாய் எல்லா அளவுகளிலும் குட்டையாகவே இருக்கும். அளவுக்கு அளவு முக்கியமாக மாறுவது நீளம்.

அந்த நீளத்துக்கு ரீச் என்று பெயர். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு எழுவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில் திரும்பும் முன்குழாயின் உச்சிக்கும் இடையே உள்ள கிடைத் தூரம் ரீச். அந்த உச்சி பாட்டம் பிராக்கெட்டைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். கரடுமுரடான இறக்கத்தில் ஓட்டுபவர் சீட்டில் உட்காருவதில்லை. பெடல்மேல் எழுந்து நிற்கிறார். அப்போது சீட் எங்கே இருந்தால் என்ன? கால் நிற்கும் இடத்துக்கும் கை பிடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. இன்றைய டிரெயில் சைக்கிள்களில் மீடியம் ஃபிரேமின் ரீச் 450 மி.மீ.க்கு அக்கம்பக்கம் இருக்கும். அளவுக்கு அளவு 20, 25 மி.மீ. கூடும். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, விலை குறைந்த ஹார்ட்டெயில்களில் சற்றுக் குறைவு.

அட்டவணை கிடைக்காத சைக்கிளிலும் ரீச்சை அளந்துவிடலாம். சமதரையில், முன்சக்கரம் சுவரைத் தொடும்படி, ஹேண்டில் கோணாமல் சைக்கிளை நேராக நிறுத்த வேண்டும். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட்டின் நடு வரை ஒருமுறை, முன்குழாய் உச்சியின் நடு வரை ஒருமுறை, இரண்டையும் தரைக்கு இணையாக டேப் பிடித்து அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ரீச். இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே தயங்குபவருக்கு, ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட இந்த ஐந்து நிமிட வேலை அதிகம் சொல்லும்.

உட்கார்ந்தே ஓட்டுபவர்கள், அதாவது வாங்குபவர்களில் பெரும்பாலோர், இன்னோர் அளவையும் பார்க்க வேண்டும்: முன்குழாய் உச்சியிலிருந்து சீட் போஸ்ட் வரை கிடையாக உள்ள தூரம். இது அதிகமானால் கை முழுதாக நீண்டு, எடை உள்ளங்கையில் இறங்கி, விரல் மரத்துப்போகும். கழுத்தும் தோளும் வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும், எழுந்து நின்று திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

அடுத்தது பாருக்கு மேல் இடைவெளி. ஷூ போட்டுக்கொண்டு, சீட்டுக்கு முன்னால் பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்று, சைக்கிளை உடம்பில் முட்டும்வரை தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரமும் தரையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. எழ வேண்டும். ரோடு பைக்குக்கு இதில் பாதி போதும். மேடுபள்ளத்தில் திடீரென்று கால் ஊன்றும்போது தரை எங்கே இருக்கும் என்று தெரியாது என்பதால் மவுண்டன் சைக்கிளுக்குக் கூடுதலாக வேண்டும். குள்ளமானவர்களுக்கு 29 இஞ்ச் சக்கரம் இங்கே இடைஞ்சல் தரலாம். டிரெக் நிறுவனம் மார்லின் மாடலின் சிறிய அளவுகளுக்கு 27.5 இஞ்ச் சக்கரம் பொருத்தியது இதை எண்ணித்தான்.

சிறிய ஃபிரேமில் சீட்டை ஏற்றிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. சீட் போஸ்ட்டின் அடிப்பகுதியில் ஒரு கோடு செதுக்கியிருக்கும். அது குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் குழாயின் வாய்ப்பகுதியில் சுமை குவிந்து, போஸ்ட் வளையும் அல்லது ஃபிரேம் விரிசல் விடும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுபவர் எதை எடுப்பது? வளைவு நெளிவான பாதை, தாவல், குறும்பு என்றால் சிறியது. வேகம், நீண்ட தூரம், இறக்கத்தில் ஆட்டம் காணாத பிடிப்பு என்றால் பெரியது. உயரத்தோடு ஒப்பிடும்போது கை நீளமானவர் பெரியதன் பக்கம் சாய்வது நல்லது. நீளமான ஸ்டெம் போட்டுச் சிறிய ஃபிரேமை இழுத்துவிடலாம் என்பது அரைகுறைத் தீர்வு. திருப்பம் மந்தமாகும், எடை முன்சக்கரத்தின்மேல் ஏறும்.

"வளர்ற பிள்ளை, பெரிசாவே இருக்கட்டும்" என்று தைக்கும் சட்டைக்குப் பொருந்தும் நியாயம் சைக்கிளுக்குப் பொருந்தாது. கால் எட்டாத ஃபிரேமில் பிரேக் பிடித்ததும் பிள்ளை பக்கவாட்டில் விழும். சிறுவர் சைக்கிள்களைச் சக்கர அளவில்தான் தருகிறார்கள். 24 இஞ்ச் சக்கரம் ஏறக்குறைய 135 முதல் 150 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்குச் சரி. அதற்குக் கீழே 20 இஞ்ச்.

கடைக்குப் போகும் முன் கால் அளவைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. வழக்கமாகப் போடும் ஷூவோடு போய், சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அவர் சொல்வது உண்மைதான். ஆனால் சீட் ஏறினாலும் ஃபிரேம் நீளாது. பொருத்தமான அளவு இருப்பில் இல்லையென்றால், ஆர்டர் கொடுத்துக் காத்திருங்கள் அல்லது வேறு மாடல் பாருங்கள்.