பத்தாயமும் கல்லறையும்

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் கதை ஒன்று காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்கவுரை இல்லாமலே புரியும். ஒரு நிலக்காரனுக்கு அமோக விளைச்சல். இருக்கிற களஞ்சியம் கொள்ளாது, இதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவோம், இனிப் பல வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அன்று இரவே உயிர் போய்விடுகிறது. சேர்த்து வைத்தது இனி யாருக்கு என்ற கேள்வியோடு இயேசு கதையை முடிக்கிறார். பத்தாயமும் குதிரும் நிறைந்து, மிச்ச நெல்லை வைக்கோற்பிரி சுற்றிச் சேர் கட்டி வாசலில் நிறுத்திய மிராசு வீடுகள் இருந்த காலத்தில் இந்த ஆளைத் தெருவுக்குத் தெரு காட்டியிருக்கலாம். அவன் திருடியதாகவோ ஏமாற்றியதாகவோ கதையில் ஒரு சொல்லும் இல்லை. தன் நிலத்தில் விளைந்த நெல்தான். ஆயுசு தன் கையில் இருப்பதாக எண்ணினான். அந்தத் திட்டத்தில் தன்னைத் தவிர வேறு ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை. குற்றம் அவ்வளவே.

சாவைப் பற்றிய நினைப்பையும் கொடையையும் கிறிஸ்தவம் ஒரே முடிச்சில் கட்டியிருப்பதற்கு இந்தக் கதை ஒரு சான்று. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, உடையில்லாதவனுக்கு உடுத்தினாயா, நோயாளியையும் சிறையில் கிடப்பவனையும் போய்ப் பார்த்தாயா என்பவைதான் அங்கே கடைசி நாளின் விசாரணை. ஆனால் இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் பிரிந்து போனார்கள். இறந்தவர்களின் ஆன்மாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகின்றன, உயிரோடிருப்பவர்களின் செபமும் பூசையும் தருமமும் அவர்களுக்கு உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. மோட்சத்தைத் தருமத்தால் வாங்க முடியாது, அது கடவுளின் கிருபை, கொடுப்பது அதற்கான நன்றி மட்டுமே என்றது லுத்தர் வழி. தஞ்சை மண்ணில் இரண்டு வழிகளும் முந்நூறு ஆண்டுகளாக அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. ஏழைக்குப் போய்ச் சேர்ந்த நெல்லைப் பார்த்தால் எது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாது.

நவம்பர் 2 கத்தோலிக்கருக்குக் கல்லறைத் திருநாள். டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும், கல்லறைத் தோட்டத்தில் கால் வைத்தால் சேறு. சில நாள் முன்பே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மங்கிப்போன பெயருக்குக் கறுப்பு மை பூசிவிட்டு வருவார்கள். அன்று செவ்வந்தி மாலை, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி. தூறலில் அணையாமல் இருக்க மெழுகுவர்த்தியைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டையோ அட்டையோ வைத்து மறைப்பது உண்டு. குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போவார். இறந்தவர் பேரில் பூசைக்குக் கொடுக்கும் காணிக்கையும், ஏழைகளுக்குக் கொடுக்கும் சோற்றுப் பொட்டலமும் அந்த நாளின் பகுதிகள்.

சாம்பல் புதன் இதற்கு நேர் எதிரான பருவத்தில் வருகிறது. மனிதன் மண்ணால் ஆனவன், மண்ணுக்கே போவான் என்று நினைவூட்டி நெற்றியில் சாம்பல் பூசும் அந்த நாள் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ விழும். சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரள்கிற நேரம் அது. தொடரும் நாற்பது நாள் தவக்காலத்தில் புலாலை விட்டு, அப்படி மிஞ்சிய பணத்தை உண்டியலில் போட்டு ஏழைகளுக்கு அனுப்புவது வழக்கம். பஞ்சாங்கத்தைப் பார்த்து யாரும் இப்படி அமைக்கவில்லை. ஆனாலும் கொடுக்க இருக்கும்போதே சாவை நினைவூட்டுகிற ஏற்பாடாக அது டெல்டாவுக்குப் பொருந்தி வந்துவிட்டது.

சீர்திருத்த சபை இந்தக் கரைக்கு வந்தது தரங்கம்பாடி வழியாக. டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர் பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706இல் அங்கே இறங்கினார். 1719 பிப்ரவரியில் தம் 36ஆம் வயதில் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலரும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பயின்றவர்கள். பிராங்கே என்ற குரு, உண்டியலில் விழுந்த சில்லறையை முதலாக வைத்து ஏழைப் பள்ளியும் அநாதை விடுதியும் தொடங்கிய ஊர் அது. நல்ல சாவு என்றால் என்ன என்பதில் ஹாலேக்காரர்களுக்குத் தனி அக்கறை. ஒருவர் எப்படி இறந்தார், கடைசியில் என்ன பேசினார், கையிருப்பை என்ன செய்தார் என்பதை விரிவாக எழுதி அச்சிட்டுப் படித்தார்கள். இன்றைய வாசகருக்கு அது சற்று மிகையாகத் தோன்றலாம். தஞ்சாவூரின் மிகப் பெரிய கிறிஸ்தவச் சாவு நமக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவது அந்தப் பழக்கத்தால்தான்.

அந்தச் சாவுக்கு உரியவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். ஊரார் வாயில் சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யாவில் 1726இல் பிறந்து, ஹாலேயில் தமிழ் கற்றுக்கொண்டு, 1750இல் தரங்கம்பாடி வந்தார். பின்பு திருச்சி, 1778 முதல் தஞ்சாவூர். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை, ஊர் திரும்பவும் இல்லை. திருச்சியில் அவரைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அவர் வாழ்க்கையைக் குறித்து வைத்திருக்கிறார். மாதம் பத்து வராகன் வருமானம். பழைய கட்டடம் ஒன்றில், கட்டிலும் ஆளும் கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. நம் ஊர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். பிறகு படைக்குருவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தபோது, முதல் வருஷத்துப் பணம் முழுவதும் பள்ளிக்கும் மிஷன் வீட்டுக்கும் போனது. 1779இல் கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். மைசூரை ஆண்ட ஹைதர் அலி வழிச்செலவுக்கென்று 300 ரூபாய்ப் பை ஒன்றை அனுப்பினார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்கப் போக, அரசு வேண்டாம் என்றது. அந்தப் பணம் தஞ்சாவூர்த் தருமப் பள்ளிக்கு முதலானது.

1781இல் ஹைதரின் படை தஞ்சைச் சீமையில் புகுந்தது. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஏரிகளும் வாய்க்கால்களும் உடைக்கப்பட்டன, நெற்களஞ்சிய நாட்டில் பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் சிப்பாய்கள் பட்டினி. வெளியே நெல் இருந்தும் ஏற்றி வர மாடு இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் கிடைக்காத விவசாயிகள், அரசரின் வார்த்தையையோ கம்பெனியின் வார்த்தையையோ நம்பத் தயாராக இல்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதியதும் இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. தஞ்சைக் கணக்கில் கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். இது ஒரு பக்கம் நடக்க, விலை மலிவாக இருந்தபோதே அவர் வாங்கிப் போட்டிருந்த அரிசியிலிருந்து தெருவில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து வரிக்கொடுமை தாங்காமல் குடிகள் ஊரை விட்டு ஓடினார்கள். போனவர்கள் 65,000 பேர் என்பது அவர் தரும் கணக்கு. சாகுபடி நின்றது. திரும்பி வாருங்கள், உங்களுக்கு நியாயம் கிடைக்கும் என்று அவர் சொல்லி அனுப்பியதை நம்பி 7,000 பேர் ஒரே நாளில் வந்ததாக எழுதுகிறார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒருவர் மிஷனரிகளைப் பழித்துப் பேசியதற்குப் பதிலாக, 1794இல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்கள் வருகின்றன. தற்காப்புக்காக எழுதிய கடிதம் என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். கம்பெனி தஞ்சாவூரை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு நம்பகமான இடைத்தரகராக அவர் இருந்ததும் உண்மை. கொடையாளி என்பதாலேயே அரசியலுக்கு வெளியே நின்றவர் என்று எண்ணிவிட முடியாது.

1787இல் தஞ்சை மன்னர் துளஜா மரணப்படுக்கையில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவரிடம் ஒப்படைக்க விரும்பினார். சுவார்ட்ஸ் தயங்கினார். அரசு மன்னரின் தம்பி அமர்சிங் கைக்குப் போய், சிறுவனுக்குத் துன்பம் நேர்ந்தபோது அவன் பாதுகாப்புக்கும் படிப்புக்கும் முன்னின்றார். 1797 இறுதியில் நோய் முற்றியது. சரபோஜி வந்து படுக்கையருகே நின்று ஆசி பெற்றார். 1798 பிப்ரவரி 13இல் சுவார்ட்ஸ் இறந்தார். அடக்க ஆராதனையில் ஞானப்பாட்டு பாடத் தொடங்கியபோது, கூடியிருந்த ஏழைகளின் அழுகையில் பாட்டு எழும்பவே இல்லை என்று உடனிருந்த சக மிஷனரி கெரிக்கே ஐயர் எழுதியிருக்கிறார். உடல் கோட்டைக்கு வெளியே மிஷன் தோட்டத்து ஆலயத்தில் அடக்கமானது. பிள்ளைகுட்டி இல்லாத அவருக்குக் கம்பெனிச் சம்பளத்தில் சேர்ந்திருந்த பணம் கணிசமானது. வளர்ப்பு மகன் போல இருந்த கோலாஃப் அருகிலேயே இருந்தும், மிஷனையும் அதன் ஏழைகளையும்தான் அவர் வாரிசாக்கினார்.

அதே ஆண்டு அரியணை ஏறிய சரபோஜி, லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு வெண்பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார். அரச உடையில் சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே, ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள். ஃபிளாக்ஸ்மேன் தஞ்சாவூரைக் கண்ணால் கண்டவர் இல்லை. முகங்களில் ஐரோப்பியச் சாயல் தூக்கலாகவே இருக்கிறது. ஆனால் படுக்கையருகே குடும்பத்தார் நிற்க வேண்டிய இடத்தில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தியது சரியான தேர்வு. கல்லறைக் கல்லில் உள்ள ஆங்கிலச் செய்யுளும் சரபோஜி எழுதியதுதான். அவர் கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார், கிறிஸ்தவ ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் தரக் கண்ணந்தங்குடியில் ஏற்பாடு செய்தார். சாகும் தறுவாயில் தம் துணைவி முத்தாம்பாள் கேட்டுக்கொண்டபடி ஒரத்தநாட்டில் அவள் பெயரில் சத்திரம் எழுப்பியவரும் அவரே. செத்தவர் பேரில் சோறு போடுவது தஞ்சாவூரில் எந்த மதத்துக்கும் புதிதாக இருக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து போன கிளாரிந்தாள் என்ற மராத்திய பிராமண விதவையையும் இந்த வரிசையில் வைக்கலாம். கணவனின் சிதையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி அவளைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் பள்ளி நடத்தி, 1785இல் ஓர் ஆலயமும் கட்டினாள். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் இன்றும் அங்கே வழி சொல்வார்கள்.

நூறு ஆண்டுக்குப் பின் மாயூரத்தில் ஒரு கத்தோலிக்கர். பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய, முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889). 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் தம் சொத்தை இறைத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவர் ஒருவரை அப்படிப் பாடியதற்குக் காரணம் அந்தக் கஞ்சிதான்.

சாவு எல்லாரையும் சமமாக்கும் என்ற பிரசங்கம் இந்த மண்ணில் பாதிதான் பலித்தது. தஞ்சாவூர்ச் சபையில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஒழிக்கப் பின்வந்த மிஷனரிகள் முயன்றபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் சுவார்ட்ஸின் மாணவரும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமான வேதநாயக சாஸ்திரியார் முக்கியமானவர். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் வெகுகாலமாகப் போராட்டத்துக்கு உரியது. அன்னதானத்தில் தாராளமாக இருந்த கைகள் இடம் கொடுப்பதில் அவ்வளவு தாராளமாக இல்லை.

இன்று வடிவங்கள் மாறியிருக்கின்றன. அறுப்பின் பண்டிகையில் நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், கோழி என்று ஆலயத்துக்கு வருபவை ஏலம் போகின்றன. தன் வாழைத்தாரையே இரண்டு மடங்கு விலைக்கு ஏலம் எடுத்து மறுபடி ஆலயத்துக்கு விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு கைப்பிடி அரிசியை அன்றன்றைக்கு எடுத்து வைக்கும் பிடியரிசிக் கலயம் பல வீடுகளில் உண்டியல் பெட்டியாகிவிட்டது. பெற்றோர் பேரில் பள்ளிக்கு வைப்புநிதி கட்டி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் பரிசு தருவது பெருகியிருக்கிறது. சுவார்ட்ஸ் தொடங்கியதாகக் கொள்ளப்படும் தூய பேதுரு பள்ளி தஞ்சாவூரில் இன்றும் நடக்கிறது. அவர் வளர்த்த மிஷன் 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்கு மாறி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது.