தண்டுவடத்துக்கு ஒரு சாரம்

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பிழைப்பு நடத்தும் நமக்கு மூட்டையும் ஏணியும் புதியவை அல்ல. லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது கால் இடறி விழுவதும், பரணிலிருந்து சறுக்குவதும், ஸ்கூட்டர் விபத்தும் சில வேளைகளில் முதுகெலும்பை முறித்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடிவிடும். அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டாலோ, அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விடலாம். "டாக்டர், மறுபடியும் நடப்பானா?" என்பதே வீட்டார் கேட்கும் முதல் கேள்வி. இதற்கு விஞ்ஞானம் இன்று தரும் விடை என்ன?

ஏன் மீண்டும் வளர்வதில்லை?

கையில் அறுபட்ட நரம்பைத் தைத்துவிட்டால் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்து நரம்பிழைகள் அப்படி வளர்வதில்லை. அடிபட்ட இடத்தில் பள்ளம் விழுகிறது. சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையில் இருக்கும் சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

அப்படியானால் அந்த இழைகளுக்கு வளரும் சக்தியே இல்லையா? 1981ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்ற இருவர் இதற்கு விடை கண்டனர். எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலம் போல அதன் தண்டுவடத்தில் பொருத்தினர். வளராது என்று கருதப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. வளரும் சக்தி இழைகளில் இருந்தது, வழிதான் இல்லை.

சாரம் செய்யும் வேலை

அந்த வழியைச் செயற்கையாக அமைப்பதே உயிர்ப்பொருள் சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கொலாஜன் போன்ற இயற்கைப் புரதத்தாலோ, உடலில் தானே கரையும் பாலிமராலோ கடற்பஞ்சு போல நுண்துளைகளுடன் செய்யப்படுகிறது. பள்ளத்தை நிரப்பி, துளைகள் வழியே இழைகளுக்குத் திசை காட்டி, பிறகு மெல்லக் கரைந்துவிடவேண்டும். சிலர் அதில் வளர்ச்சி ஊக்கிகளையும் ஸ்டெம் செல்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கை நரம்புகளுக்கான கொலாஜன் குழாய்கள் 2001 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் உள்ளன. தண்டுவடத்தின் கதை வேறு. 2014இல் அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கரையும் பாலிமர் சாரம் பொருத்தப்பட்டது. தொடர்ந்து நடந்த பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியானது. சாரம் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இடையே எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. சீனாவிலும் கொலாஜன் சாரம் சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது. எங்கும் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

நம் ஊரின் பங்கு

உயிர்ப்பொருள் ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. பூஜப்புரையில், அரச குடும்பத்தார் தந்த சாட்டல்மண்ட் அரண்மனையில்தான் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. இங்கு உருவான இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுவிட்டன. பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி இங்கு உருவாக்கிய, புண் ஆற்றும் சாரத்துக்கு 2023இல் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. தோலுக்கு முடிந்தது தண்டுவடத்துக்கும் ஒருநாள் முடியலாம்.

இன்று செய்யவேண்டியவை

விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். பின்னர் படுக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதும், சிறுநீர்ப் பையைக் கவனிப்பதும் உயிர் காக்கும்.

"ஸ்டெம் செல் ஏற்றினால் நடக்கலாம்" என்று யாரேனும் பணம் கேட்டால், ஊர் நிலத்தை விற்றுவிடாதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி அனுமதி பெற்ற பரிசோதனையில் மட்டுமே அதைச் செய்யலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது.

நடை திரும்பாவிட்டாலும் வாழ்வு திரும்பும். கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு மருத்துவத்துக்கென உள்நோயாளிப் பிரிவை அமைத்தார். 1975இல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

சாரம் வரும் நாள் வரட்டும். அதுவரை, விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்கும் சாரமாக வீடும் உறவும் இருக்கவேண்டும்.