கட்டைவிரலுக்கு மாறும் ஃபோகஸ்

வேடந்தாங்கலில் கிளையில் நிற்கும் நாரைமீது ஃபோகஸ் வைத்தாயிற்று. அதைப் படத்தின் ஓரத்தில் அமைக்க கேமராவைச் சற்றுத் திருப்பி, ஷட்டரை மறுபடி அழுத்தினால் ஃபோகஸ் பின்னாலுள்ள இலைகளுக்குத் தாவிவிடும். பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம் என ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை இருப்பதே காரணம்.

இவற்றைப் பிரித்துவிடலாம். 1989-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதி உண்டு. அப்படிப் பிரித்தபின், பின்புறமுள்ள ஏஎஃப்-ஆன் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்தினால் ஃபோகஸ். ஷட்டர் படமெடுக்க மட்டும். மெனுவில் ஷட்டரிலிருந்து ஃபோகஸை நீக்க மறந்தால் அத்தனையும் வீண்.

தொடர் ஃபோகஸில்தான் இதன் முழுப் பலன். விரலை அழுத்தியே வைத்தால் பறக்கும் நாரையை லென்ஸ் துரத்தும். எடுத்தால் ஃபோகஸ் அப்படியே நிற்கும். பறவைப் படம் எடுப்பவர்கள் அவசியம் பழகவேண்டிய முறை இது.