ஆனோடைசிங்கும் அளவுக் கணக்கும்

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதலாவது ராக்கெட் ஏவப்பட்டது. அதன் பின்னர் திருவனந்தபுரம் ராக்கெட் தொழில்நுட்பத்தின் மையமாக வளர்ந்துள்ளது. இத்துறைக்கு எடை குறைந்த அலுமினிய உலோகக்கலவை உறுப்புகள் இன்றியமையாதவை. தேய்மானமும் அரிப்பும் அவற்றைத் தாக்காதிருக்க ஆனோடைசிங் முறை கையாளப்படுகிறது.

இது வண்ணம் பூசுவது போன்றதன்று. கந்தக அமிலக் கரைசலில் உறுப்பை நேர்மின்வாயாக இணைத்து மின்சாரம் செலுத்தும்போது மேற்பரப்பு உலோகமே ஆக்சைடாக மாறுகிறது. தான் உருவான உலோகத்தைவிட ஆக்சைடு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உறுப்பு பருக்கிறது.

கடினப் படலத்தில் ஏறத்தாழப் பாதி உட்புறமாகவும் பாதி வெளிப்புறமாகவும் வளர்கிறது. எனவே 50 மைக்ரான் படலம் ஏற்றினால் ஒவ்வொரு பரப்பும் 25 மைக்ரான் உயரும். தண்டின் விட்டம் 50 மைக்ரான் கூடும். துளையின் விட்டம் அதே அளவு குறையும். சாய்ந்த பக்கங்களைக் கொண்ட 60 பாகைத் திருகுப்புரியிலோ இம்மாற்றம் 100 மைக்ரானை எட்டும்.

ஆகவே கடைசலின்போதே தண்டைச் சற்று மெலிதாகவும் துளையைச் சற்று அகலமாகவும் அமைத்தல் வேண்டும். வரைபடத்திலுள்ள அளவு ஆனோடைசிங்கிற்கு முந்தியதா, பிந்தியதா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக்குவது நலம். இல்லையேல் உலோகமும் உழைப்பும் முழுமையாகச் செலவான பின்னரே உறுப்பு நிராகரிக்கப்படும். சிறு தொழிற்கூடங்களுக்கு அது தாங்கவொண்ணா இழப்பாகும்.