சக்கரத்தைத் தொடாத எஞ்சின்

"மாமா, வண்டி செத்துப்போச்சு" என்று என் அக்காள் மகன் ஒரு தை மாதக் காலையில் தொலைபேசியில் சொன்னான். மேலூரில் நெல் வணிகம் செய்பவன். ஓராண்டுக்கு முன்புதான் ஏறத்தாழ இருபது லட்ச ரூபாய் கொடுத்து ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கியிருந்தான். இருபது நாள் வெளியூர் சென்று திரும்பியவன் பொத்தானை அழுத்தினால், திரையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். தடித்த ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பார்த்ததும் மூடிவிட்டார். "முப்பது வருஷமா வண்டி பார்க்கிறேன் சார், இந்த ஒயரைக் கண்டா மட்டும் கை போக மாட்டேங்குது" என்றார் என்னிடம். கார் இழுவை வண்டியில் முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து மதுரை சென்றது. இரண்டு நாள் கழித்துத் தெரிந்த செய்தி: ஹைபிரிட் அமைப்பில் எந்தப் பழுதும் இல்லை. எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் சிறு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவே.

அது எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே முக்கியமன்று. இந்தத் தொல்லை எல்லா நிறுவனங்களின் ஹைபிரிட் கார்களுக்கும் பொதுவானது.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்தார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹைபிரிட் வாங்கலாமா? பெரிய பேட்டரி போனால் காரே போய்விடுமாமே?" அச்சம் நியாயமானது. ஆனால், அது தவறான இடத்தில் நிற்கிறது என்பதே என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள, இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மின்வெட்டுக் காலத்துத் திருமண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பின்புறம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். அதன் டீசல் எஞ்சின் எந்த மின்விசிறியையும் நேரடியாகச் சுழற்றுவதில்லை. மின்சாரத்தை மட்டும் உண்டாக்குகிறது, விசிறியைச் சுழற்றுவது மின்மோட்டார். தொடர்நிலை ஹைபிரிட், அதாவது 'சீரீஸ் ஹைபிரிட்' என்பதும் இதேதான். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக மோட்டாருக்குச் செல்லும். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். மிஞ்சிய மின்சாரமும், பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் பேட்டரியில் சேரும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்பால் ஆன தொடர்பு எதுவும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900 வாக்கிலேயே இத்தகைய வண்டியைச் செய்து காட்டினார். அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் மேலூருக்கு ரயில் கிடையாது. ஆனால், மதுரையில் டீசல் ரயில் எஞ்சினைப் பார்க்காதவர் யார்? 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாராணசியில் தயாரான 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின், பேட்டரியில் ஓடாத சீரீஸ் வண்டியே. அதன் டீசல் எஞ்சின் மின்சாரத்தை மட்டும் தரும். அச்சுகளில் பொருத்திய மோட்டார்கள் இழுக்கும். அத்தனை பெரிய திறனைக் கிளட்ச், கியர் வழியே கடத்துவது கடினம் என்பதால் ரயில்வே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. பொன்மலை டீசல் பணிமனை போன்ற இடங்களில் தொழிலாளர்கள் பல்லாண்டுகளாகப் போராடியது எதனோடு? மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ்கள், உள்ளே படியும் தூசி, மழைநீர் புகுந்து கெடும் மின்காப்பு. இன்றைய காரின் மோட்டாரில் பிரஷ் இல்லை. தூசியும் ஈரமும் வெப்பமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

எல்லா ஹைபிரிட்டும் சீரீஸ் அல்ல. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் உயர்ரக ஹைபிரிட்டில், எஞ்சினின் விசை ஒரு பல்சக்கரத் தொகுதியால் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு நேரே சக்கரத்துக்கும் மறு பங்கு ஜெனரேட்டருக்கும் போகிறது. நிசானின் 'இ-பவர்' முழுமையான சீரீஸ். 2016இல் அதனோடு ஜப்பானில் வந்த 'நோட்' கார், 2018இல் அங்கே சிறுரகக் 'கேய்' கார்கள் நீங்கலாக விற்பனையில் முதலிடம் பிடித்தது. இந்தியச் சாலையில் இதற்கு நெருங்கிய உறவு, 2022 மே மாதம் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட். நகருக்குள் அது பெரும்பாலும் சீரீஸ் முறையில் ஓடும். நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரத்தோடு நேரடியாக இணைத்துவிடும்.

அந்தக் கிளட்ச் ஏன் என்பதில்தான் வாங்குவோருக்கான பாடம் இருக்கிறது. எஞ்சினின் விசையை மின்சாரமாக்கி, அதை மீண்டும் விசையாக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு. நின்று நின்று போகும் கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் அந்த இழப்பு பொருட்டன்று. பிரேக்கில் திரும்பும் மின்சாரமும், எஞ்சின் அணைந்து நிற்பதும் அதைப் பல மடங்கு ஈடுகட்டும். சிட்டம்பட்டி சுங்கச்சாவடியைத் தாண்டித் திருச்சி வரை நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு ஈடுகட்ட எதுவும் இல்லை. நாள்தோறும் நெடுஞ்சாலையே கதி என்றிருப்பவர், மைலேஜ் விளம்பரத்தை நம்பி முழு சீரீஸ் காருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மதுரை நகருக்குள் அலைபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அரிது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நால்வரோடும் சாமான்களோடும் 1,600 கிலோ எடையுள்ள கார், வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. உயரத்துக்கு மட்டுமே தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 8 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட். இத்தகைய காரின் பேட்டரி ஓரிரு யூனிட்டுக்கு மேல் கொள்ளாது. ஆகவே, மலையடிவாரம் தாண்டியதும் பேட்டரி கை கொடுப்பது முடிந்தது. மீதி முழுவதும் எஞ்சின் தலையில். வண்டி மெதுவாக வளைந்து ஏறும்போது எஞ்சின் மட்டும் பெருங்குரலில் அலறும். இறங்கும்போது வேறொரு வேடிக்கை: சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிரம்பிவிடும், பிறகு வரும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? ஜெனரேட்டரை மோட்டாராக்கி, பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழலவிட்டுச் செலவழிக்கிறது கணினி. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமுகிறதே என்று பதறி வண்டியை ஓரங்கட்டியவர்களை எனக்குத் தெரியும். அது பழுதன்று, பிரேக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு.

எஞ்சின் போதிய வலுவோடு இருக்கும்வரை இந்த ஏற்றம் சிக்கலில்லை. வலு குறைந்தால்? 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ-3 காரில் மோட்டார் 170 குதிரைத்திறன். கூடுதல் தூரத்துக்காக விரும்பியவர்களுக்குப் பொருத்தித் தந்த எஞ்சினோ ஸ்கூட்டர் ஒன்றிலிருந்து எடுத்த, 40 குதிரைத்திறனுக்கும் குறைந்த ஒன்று. பேட்டரி வற்றிய நிலையில் அமெரிக்க நெடுஞ்சாலை ஏற்றங்களில் கார் திடீரென வேகம் இழப்பதாகப் புகார் எழுந்து, 2016இல் நீதிமன்றம்வரை போனது. எதுவும் உடைந்து போய் அது நிகழவில்லை. ஜெனரேட்டர் தருவதைவிடச் சாலை அதிகம் கேட்டது. எனவே சீரீஸ் கார் வாங்குகிறவர் மோட்டாரின் திறனை மட்டும் கேட்கக் கூடாது. எஞ்சினின் திறனையும் கேட்க வேண்டும். ஹோண்டா சிட்டியில் மோட்டார் 126, எஞ்சின் 98.

இனி, பழுது. பெரிய பேட்டரியைப் பற்றிய அச்சமே ஊரெங்கும் பரவியிருக்கிறது. உண்மையில் கணினி அதை முழுதாக நிரப்புவதும் இல்லை, முழுதாக வற்றவிடுவதும் இல்லை. நடுப்பகுதியிலேயே வைத்து ஆளுகிறது. கைபேசி பேட்டரியை நாம் படுத்தும் பாட்டோடு ஒப்பிட்டால் இது அரண்மனை வாழ்வு. நம் நாட்டில் எட்டு ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கத் துணிவதும் அதனால்தான். அதற்கு உண்மையான பகை வெப்பம். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையருகே உள்ள ஒரு துளை வழியாகக் காருக்குள்ளிருந்தே இழுக்கப்படுகிறது. அந்தத் துளையில் சிறு வடிகட்டி இருக்கும். செம்மண்ணும் கல்குவாரித் தூசியும் பறக்கும் எங்கள் பகுதியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். அல்லது பின் இருக்கையில் போட்ட பையோ போர்வையோ அதை மூடிவிடும். சித்திரை வெயிலில் மூச்சு முட்டும் பேட்டரி மெல்ல ஆயுளை இழக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சில நிமிடங்கள்.

கியர்பாக்ஸ், கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் என வழக்கமாகத் தேய்கிற பல உறுப்புகள் சீரீஸ் காரில் இல்லை அல்லது குறைவு. பிரேக் கட்டைகளும் நீண்ட நாள் உழைக்கும். அவற்றுக்குப் பதில் வந்தவை இன்வெர்ட்டரும் அதைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பும். பம்பு நின்றால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சினும் முன்பு போல் ஓடுவதில்லை. ஐந்து நிமிடம் ஓடி, சூடேறும் முன்பே நின்றுவிடும். குறுந்தொலைவு மட்டுமே ஓட்டுகிறவர்களின் காரில் ஆயிலோடு நீரும் பெட்ரோலும் கலக்க இது வழி செய்கிறது. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது தவறு. எலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவை கம்பியின் விலை பார்த்துக் கடிப்பதில்லை.

என் அக்காள் மகனின் கார் எழாததன் காரணமும் இந்த வரிசையில்தான் வரும். பெரிய பேட்டரி எப்போதும் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் ரிலேக்களுக்கும் கணினிக்கும் மின்சாரம் தருவது 12 வோல்ட் பேட்டரி. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அது வற்றும்; வற்றினால் உள்ளே எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் பயனில்லை. கையேட்டில் சொன்ன இடத்தில் ஜம்பர் கேபிளை இணைத்திருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆரஞ்சுக் கம்பியைத் தொடவேண்டிய தேவையே இல்லை. அதைச் சொல்ல எங்கள் ஊரில் அன்று ஆள் இல்லை. நானும் அன்று தொலைபேசியில் ஊகித்துக்கொண்டிருந்தேனே தவிரக் கையேட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

இதுவே என் கவலை. கார் நம்பகமானதுதான், அதைச் சுற்றியுள்ள பழுதுபார்ப்பு முறை மேலூர் அளவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஏ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கார்களின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது; அதற்கு மின்காப்புத் தன்மையுள்ள தனிவகை எண்ணெய் வேண்டும். பழகிய கைகளோடு வழக்கமான எண்ணெயை நிரப்பினால், மின்கசிவு என்று கணினி முறையிட்டுக் காரையே நிறுத்திவிடக்கூடும். பிறகு பழி ஹைபிரிட் மீது விழும். உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைக்கும் முன் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் அனுபவத்தால் கற்கக்கூடிய பாடமன்று. முதல் தவறே கடைசியாகிவிடும்.

ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஆனால், இணையதளத்தில் தொடர்பு விவரம் இருப்பது வேறு. கம்பி வரைபடமும் கண்டறியும் கருவியும் நியாயமான விலையில் ஊர்ப் பட்டறைக்குக் கிடைப்பது வேறு. நிறுவனங்கள் இதைத் தாமாகச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதுரை கே.புதூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில், ஏற்கெனவே தொழிலில் இருக்கும் மெக்கானிக்குகளுக்காக ஒரு வாரப் பயிற்சியை மாலை வேளையில் நடத்தத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. பழைய ஹைபிரிட் கார் ஒன்றும் சொல்லித்தர ஒருவரும் போதும். அப்படி நடக்காவிட்டால், உத்தரவாதம் முடிந்த கார்கள் எல்லாம் முப்பது கிலோமீட்டர் இழுவை வண்டியில் போகும். ஊர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடும்.

என் அக்காள் மகன் இப்போது டிக்கியில் ஜம்பர் கேபிள் வைத்திருக்கிறான். சென்ற வாரம் சந்தையில் எதிர்ப்பட்ட அந்த மெக்கானிக் கேட்டார்: "ஆயிரம் வோல்ட் தாங்குற கையுறை மதுரையில எந்தக் கடையில கிடைக்கும் சார்?" விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.